ஐந்தரை மணி அறிவிப்பு

பெஹாலா, கொல்கத்தா
11 மார்ச் 2025

ராகவ்,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு என் சமையலறையில் சத்தம் போடுகிறவனுக்கு என்ன குறை?

காகிதத்தில் எழுதுகிறேனே என்று ஆச்சரியப்படாதே. உன் நம்பரை ஞாயிற்றுக்கிழமையே பிளாக் செய்துவிட்டேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு வாக்கியம் பேசுவாய். கடிதத்தில் என் வாயை உன்னால் அடைக்க முடியாது. முழுக்கப் படி, அப்புறம் கோபித்துக்கொள்.

போன அக்டோபரில் பூஜா லீவுக்கு நாலு நாள் வந்தாய். வந்த வேகத்தில் ஹாலில் ஒன்று, அப்பா அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று மூன்று வயர்லெஸ் ஸ்பீக்கர் வைத்தாய். செருப்பு அலமாரிக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வைத்தாய். "யார் யாரோ சேந்து இலவசமா எழுதி வச்சிருக்கிற பைத்தான் லைப்ரரிக்கா. வைஃபைல இருக்கிற ஸ்பீக்கர அதுவே கண்டுபிடிக்கும், பாட்டு போடும், நிறுத்தும், சத்தம் ஏத்தும் இறக்கும். அத வச்சு நான் ஒரு புரோகிராம் எழுதிருக்கேன்" என்றாய். அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஆயா ஷெஃபாலிதி, பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு வாரம் செருப்பு அலமாரிப் பக்கமே போகவில்லை. எங்கள் இருவரில் அவள்தான் புத்திசாலி.

முதலில் நானும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. ஞாபகம் தப்ப ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. நேரத்துக்கு நேரம் உன் குரல் கேட்டால் மனசுக்குத் தெம்பாக இருக்குமே என்று பேசாமல் இருந்தேன். இப்போது என்ன ஆகியிருக்கிறது தெரியுமா? அம்மா போனதிலிருந்து பதினோரு வருடமாக அவருக்கு மாத்திரை கொடுப்பவள் நான். நேற்றுக் காலை ஏழு ஐம்பதுக்கு, ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுகிறேன். என் கையை விலக்கிவிட்டு, "இரு, பய இன்னும் சொல்லலியே" என்கிறார். நின்றேன். டம்ளரும் கையுமாக, நான் பெருக்கித் துடைக்கிற வீட்டில், உன் ரெக்கார்டிங்குக்காகப் பத்து நிமிடம் நின்றேன்! எட்டு மணிக்கு, "அப்பா, சுகர் மாத்திரை போட்டாச்சா?" என்று நீ கேட்டாய். உடனே வாயைத் திறந்தார். பஸ் போய்விட்டது.

அப்பாவுக்குக் காது மந்தம் என்று சத்தத்தை அறுபதில் வைத்திருக்கிறாய். நான் குறைத்து வைத்தால் அடுத்த அறிவிப்பு மறுபடி அறுபதில் அலறுகிறது. போன வாரம் சமையலறை ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினேன். அரை மணி ஆகவில்லை, ஷெஃபாலிதிக்குப் போன் போட்டு, வங்காளத்தில் கொஞ்சிப் பேசி, திரும்ப மாட்ட வைத்துவிட்டாய். சமையலறை ஸ்பீக்கர் ஆஃப்லைன் போனால் உனக்கு அரை மணியில் தெரிகிறது. ஜனவரியில் நான் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தது உனக்கு இன்றைக்குவரை தெரியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்குச் சீஃப் மேனேஜர் பதவி உயர்வு வந்திருக்கிறது, விசாகப்பட்டினத்துக்குப் போகவேண்டும், ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்றேன். இரண்டு முறை அப்பாவுக்காக வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள் நான். மூன்றாம் முறையும் மறுத்தால் வங்கியில் இனி என் பெயரைக் கேட்கக்கூட மாட்டார்கள். அதற்கு நீ, "தாராளமா போக்கா, அதுக்குத்தான சிஸ்டம் போட்டு வச்சிருக்கேன், அது பாத்துக்கும்" என்றாய்.

அது பாத்துக்குமா? அது அவரைக் குளிப்பாட்டுமா? பாத்ரூமில் வழுக்கினால் பிடிக்குமா? பெற்ற அப்பாவை ஒரு டப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள உனக்கு எப்படி மனசு வந்தது?

நிறுத்து, இல்லாவிட்டால் நான் நிறுத்துகிறேன்.

மதுவந்தி

*

பெங்களூரு
17 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் லிஃப்டில் பிரித்தேன். நாலாவது மாடியில் இறங்க மறந்து பதினொன்றாவது மாடிவரை போய்விட்டேன். என் தமிழ்க் கையெழுத்து உனக்கே தெரியும் என்பதால் டைப் அடித்து அனுப்புகிறேன். எங்காவது ல, ள மாறியிருந்தால் அம்மா மாதிரி சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே.

கோபம் உனக்கு மட்டும்தான் வருமா? எனக்கும் வந்திருக்கிறது. நீ யாரையும் எதையும் செய்ய விடமாட்டாய். நான் காய் நறுக்கினால் பெரிதாக நறுக்கிவிட்டேன் என்பாய். துணி காயப்போட்டால் கோணல் என்பாய். அப்புறம், நான் ஒருத்தியே எல்லாவற்றையும் செய்கிறேன் என்பாய். மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து நானூறு வரி எழுதினேன். அந்த லைப்ரரியிலேயே ஒரு பிழை இருந்தது. பக்கத்து அறை ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தால் அறிவிப்பு பாதியில் நின்றுபோகும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தி, லைப்ரரியை எழுதியவர்களுக்கே அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள். நார்வேயிலிருந்து முகம் தெரியாத ஒருவர் நன்றி சொல்லி எழுதினார். என் சொந்த அக்கா பிளக்கைப் பிடுங்குகிறாள்.

அது ஒன்றும் கண்டபடி அலறுகிற டப்பா இல்லை. பேசுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும். என்ன பாட்டு, எத்தனையாவது நிமிடம், எவ்வளவு சத்தம், எல்லாம். பிறகு என் குரலைப் போடும். முடிந்ததும் எல்லாவற்றையும் விட்ட இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். நடுவில் ஒரு அறிவிப்பு வந்துபோன சுவடே இருக்காது. இதுவரை ஆயிரத்துச் சொச்சம் அறிவிப்பில் நான்கே நான்குதான் தவறியிருக்கின்றன. நீ ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லையா?

மாத்திரைக்கு மட்டும் வைத்தேன் என்று நினைக்கிறாய். சாயந்திரம் ஐந்தரைக்கு ஒன்று போகிறதே, அது உனக்குத் தெரியவே தெரியாது. "அப்பா, டீ குடிச்சாச்சா? பிஸ்கட் ரெண்டுக்கு மேல வேண்டாம். ஷெஃபாலிதிய படுத்தாதீங்க. சரிப்பா, வாரேன்." நீ ஆபீசிலிருந்து வர எட்டரை ஆகிறது. அதுவரை அவர் தனியாக இருக்கிறோம் என்று நினைக்கக்கூடாதே என்றுதான் அதை வைத்தேன். உனக்கு லீவு உள்ள சனி, ஞாயிறில் அது பேசாது. இவ்வளவு யோசித்துச் செய்தவனைப் பார்த்து மனசு எப்படி வந்தது என்கிறாய்.

நீ விசாகப்பட்டினம் போகவேண்டும் என்று நான் மனதாரத்தான் சொன்னேன். ஷெஃபாலிதியை இரண்டு வேளைக்கும் வைத்துக்கொள்ளலாம், இன்னொரு ஸ்பீக்கர் போடலாம். ஜூன் முடியும்வரை என்னால் நகர முடியாது, இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. மஹிமாவும் அதையேதான் சொல்கிறாள். பிளாக்கை எடு, நேரில் பேசுவது மாதிரி பேசலாம்.

ராகவ்

*

பெஹாலா
27 மார்ச் 2025

ராகவ்,

உன் பெண்டாட்டி சொல்வதை அவள் எனக்குச் சொல்லட்டும். நீ எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். அப்பா தினமும் சாயந்திரம் என்ன செய்கிறார் தெரியுமா உனக்கு?

எனக்கும் நேற்றுவரை தெரியாது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

நேற்று தலைவலி தாங்காமல் ஐந்து மணிக்கே ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டேன். ஆறேகாலுக்குக் கதவைத் திறந்தால், நேர் எதிரே நாற்காலியில் அப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பேன்ட், பெல்ட். காலில் ஷூ. தலையைப் படிய வாரி, பவுடர்கூடப் போட்டிருந்தார். ரிடையர் ஆவதற்கு முன்னால் கிடர்பூர் துறைமுக ஆபீசுக்குக் கிளம்புகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"நான் எங்க கெளம்ப? பய வாரான்லா. வீட்ல லுங்கியோட இருந்தா நல்லாவா இருக்கும்?"

"எந்தப் பய?"

"ராகவ்தான். இப்பத்தான சொன்னான், வாரேன்னு."

ஷெஃபாலிதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சாதாரணமாக, "ரோஜ் போஸென், தீதி" என்கிறாள். தினமும் உட்காருவாராம்! ஐந்தரை அடித்ததும் உன் குரல் கேட்கும், எழுந்துபோய்ச் சட்டை மாற்றுவார், கதவுக்கு எதிரே நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காருவாராம். எட்டு மணி ஆனதும் இவள் "ட்ரெய்ன் லேட், மேசோமொஷாய், நாளைக்குத்தான் வரும்" என்று ஒரு பொய் சொல்லி, ஷூவைக் கழற்றி, லுங்கி மாற்றிவிடுவாளாம். எட்டரைக்கு நான் வரும்போது தட்டு முன்னால் இருப்பார். வயசானவருக்கு இது ஒரு சாயந்திர வழக்கம் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, நீ என்ன சொல்கிறாய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஐந்து மாதம் ராகவ். நான் வீட்டில் இல்லாத ஒவ்வொரு நாளும், ஐந்தரையிலிருந்து எட்டுவரை, நம் அப்பா ஷூ போட்டுக்கொண்டு உனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

போனை வைக்கும்போது நம் வீட்டில் எல்லாரும் வாரேன் என்றுதான் சொல்வோம். அது கிளம்புகிறவன் சொல்கிற மரியாதைச் சொல். எனக்குப் புரியும், உனக்குப் புரியும். போனில் சொன்னால் அப்பாவுக்கும் புரிந்திருக்கும், ஏனென்றால் போன் என்றால் நீ வேறெங்கோ இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியும். சுவரிலிருந்து பெற்ற பிள்ளையின் குரல் தினமும் அதே நேரத்துக்கு "வாரேன்" என்றால், அவர் வேறு என்னதான் நினைப்பார்?

எல்லாவற்றையும் விட்ட இடத்தில் திருப்பி வைத்துவிடும் என்று பெருமை அடித்தாயே. பாட்டைத் திருப்பி வைத்தது, சத்தத்தைத் திருப்பி வைத்தது. அப்பாவை வைத்ததா? சுவடே இருக்காதாம்! அந்த ஷூ கடித்துக் குதிகாலில் புண் வந்து, ஷெஃபாலிதி பஞ்சு வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு, பழைய செருப்பை மாற்றாமல் நடந்ததால் வந்தது என்று அவரைத் திட்டியவள் நான். இப்போது கோபம் உன் மேல் பாதி, என் மேல் பாதி.

அந்தச் சொல்லை எடு. அல்லது வா. இரண்டில் ஒன்றை இந்த வாரமே செய்.

மதுவந்தி

*

பெங்களூரு
2 ஏப்ரல் 2025

அக்கா,

படித்ததிலிருந்து மஹிமாவோடுகூட நான் சரியாகப் பேசவில்லை. அப்படி ஒரு அர்த்தம் வரும் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை.

உடனே சரிசெய்துவிட்டேன். நேற்று இரவே எல்லாப் பதிவுகளையும் கேட்டுப் பார்த்தேன். ஐந்தரைக்கு மாற்றி மாற்றிப் போகிற பதினான்கு பதிவுகளிலும் அந்தச் சொல் இருந்தது. பதினான்கிலும் வெட்டி எடுத்துவிட்டு, திரும்ப என் குரலிலேயே பேசிச் சேர்த்திருக்கிறேன். இனி குழப்பமே வராது. "சரிப்பா, போறேன்" என்று தெளிவாக முடியும். வருகிறானோ என்று அவர் எதிர்பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

இங்கிருந்தே மாற்றி அங்கே ஏற்றியாகிவிட்டது. இன்று சாயந்திரத்திலிருந்து புதுப் பதிவுதான் பேசும். சத்தத்தையும் நாற்பத்தைந்தாகக் குறைத்திருக்கிறேன், உனக்காக.

ஒரு தடவையாவது சரி என்று எழுது அக்கா.

ராகவ்

*

பெஹாலா
8 ஏப்ரல் 2025

அட முட்டாளே,

போறேன் என்றா சொல்வாய்? பெற்ற அப்பாவிடம், விளக்கு வைக்கிற நேரத்தில், போறேன் என்று சொல்வாயா?

நாம் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வாய் தவறி அந்தச் சொல் வந்துவிட்டால், அம்மா திரும்ப உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று சொல்ல வைத்துத்தானே அனுப்புவாள்? இங்கே தெருவில் எந்த வங்காளியைக் கேட்டாலும் சொல்வான். ஷெஃபாலிதியிடம் நடந்ததைச் சொன்னபோது அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு, "'ஜாய்' போல்தே நேய், தீதி, 'ஆஷி' போல்தே ஹொய்" என்றாள். போறேன் என்று சொல்லக்கூடாது, வரேன் என்றுதான் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானூறு வரி எழுதியவனுக்கு அது தெரியவில்லை.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உன் திருத்தம் அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. நடந்ததை ஷெஃபாலிதி போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன், கேள்.

புதன்கிழமை ஐந்தரைக்கு நீ பேசினாய். ஷெஃபாலிதி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா சட்டை மாற்றவில்லை, தலை வாரவில்லை. லுங்கியோடு, வெறுங்காலோடு கதவைத் திறந்துகொண்டு இரண்டு மாடி இறங்கிப் போய்விட்டார். சௌரஸ்தாவில், டயமண்ட் ஹார்பர் ரோட்டில், ஆபீஸ் விடுகிற நேரத்தில், ஒவ்வொரு பஸ்ஸாகக் கையைக் காட்டி நிறுத்தி, உன் ஊருக்கு ரயில் பிடிக்க, "ஹௌரா போகுமா, ஹௌரா போகுமா" என்று தமிழில் கேட்டிருக்கிறார். ஒரு மினி பஸ்ஸில் ஏறப் பார்த்து, படியில் கால் வழுக்கி விழுந்திருக்கிறார். நம் வீட்டுக்கு மருந்து கொடுக்கிற கடைக்காரர் ஓடிவந்து தூக்கியிருக்கிறார். அவர் போன் செய்தபோது நான் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். முழங்கால் இரண்டும் தேய்ந்து ரத்தம். மாவுக்கட்டுப் போடும்போது வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பய போறேன்னுட்டாம்மா, போறேன்னுட்டான், யாராவது போயி நிறுத்துங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நீ செத்துப்போகிறாய் என்று நினைத்துத்தான் ராகவ் அவர் கிளம்பியிருக்கிறார். உன்னைத் தடுத்து நிறுத்தத்தான்.

அன்றைக்கே மூன்று ஸ்பீக்கரையும் பிடுங்கிவிட்டேன். செருப்பு அலமாரியில் இருந்ததையும் சேர்த்துப் பழைய போர்வையில் சுற்றிப் பார்சல் போட்டிருக்கிறேன். அந்த லைப்ரரி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சொன்னதை அப்படியே செய்தது, பாவம். சொல்லத் தெரியாதவன் நீதான்.

இன்னொன்று. இன்று காலை வங்கியில் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மே ஐந்தாம் தேதி விசாகப்பட்டினத்தில் வேலைக்குச் சேருகிறேன். இந்த வீட்டுச் சிஸ்டம் நான்தான், அது மே மூன்றாம் தேதி ரயில் ஏறுகிறது. அதற்குள் நீ இங்கே வந்திருப்பாய். வரமுடியுமா என்று நான் உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

மதுவந்தி

*

பெங்களூரு
13 ஏப்ரல் 2025

அக்கா,

முதல் இரண்டு நாள் உன் மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். இப்படி உத்தரவு போட நீ யார், எனக்கு ஒரு வேலை, ஒரு குடும்பம் இல்லையா, அப்பாவுக்கு அடிபட்டதைக் காட்டி என்னை மடக்குகிறாயா என்றெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

பார்சல் வந்தது. குட்டிக் கம்ப்யூட்டரை இங்கே மாட்டி, பதிவுகளை ஒன்றுவிடாமல் கேட்டேன். இதுவரை அவற்றைச் சரிபார்க்கத்தான் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்து கேட்டதில்லை. அக்கா, அத்தனையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருபது நிமிடத்தில் பேசி முடித்தேன். சாப்பிட வரச்சொல்லி மஹிமா கூப்பிடுவதுகூட ஒன்றில் கேட்கிறது. "அப்பா, டீ குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஒரு நொடிகூட விடாமல் அடுத்ததற்குப் போகிறேன். அதைக் கேட்கத்தான் அவர் தினமும் காத்திருந்தாரா? எனக்கே என் குரலைப் பிடிக்கவில்லை.

வருகிறேன் அக்கா. ஆனால் ஜூன் பத்தாம் தேதிவரை அவகாசம் கொடு. வங்கியில் ஒரு மாதம் தள்ளிக் கேட்டால் கொடுக்கமாட்டார்களா? இவ்வளவு வருடம் பார்த்தாய், இன்னும் ஒரு மாதம் பார்க்கக்கூடாதா?

ராகவ்

*

பெஹாலா
19 ஏப்ரல் 2025

ராகவ்,

கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கமாட்டேன். இன்னும் ஒரு மாதம் என்று நான் எனக்கே சொல்லிச் சொல்லித்தான் பதினோரு வருடம் போயிருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் கிளம்பக்கூடாதா?

உன் புரோகிராமில் இல்லாததை எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். வெந்நீரை முதலில் காலில் ஊற்றவேண்டும், எடுத்ததும் தலையில் ஊற்றினால் அடிக்க வருவார். இடது கையில் கட்டு இருக்கும்வரை தட்டை வலப்பக்கம் வை. காலையில் சில நாள் என்னை அம்மா பெயர் சொல்லி வசந்தி என்று கூப்பிடுவார். திருத்தாதே, அழுவார். உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாரோ தெரியாது. எதுவானாலும் என்னப்பா என்று போய் நில்.

என் ரயில் மே மூன்று, பிற்பகல். சாவி என் கையிலிருந்து உன் கைக்கு வரவேண்டும். ஷெஃபாலிதியிடம் கொடுத்துவிட்டுப் போகமாட்டேன்.

மதுவந்தி

*

பெஹாலா
14 மே 2025

அக்கா,

நீ பிளாக்கை எடுத்துவிட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் உடைந்துவிடுவேன்.

எனக்கு உன் மேல் பயங்கரக் கோபம். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, நாம் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே துப்புவார் என்று ஏன் எழுதவில்லை? ஐந்து மாதம் என் அறிவிப்பைக் கேட்டு வாயைத் திறந்தவர், விழுங்கினாரா என்று யார் பார்த்தது? காலையில் குளிப்பாட்டி முடித்து, ஈரச் சட்டையோடுதான் ஆபீஸ் மீட்டிங்கில் உட்காருகிறேன். இதை நீ ஒருத்தியே செய்துகொண்டு, அதன்மேல் ஆபீசும் போய், ஒருநாளும் எங்களைக் கூப்பிட்டுக் கத்தவில்லையே, ஏன்? நீ கத்தியிருந்தால் நான் வந்திருப்பேன் என்று எழுத நினைக்கிறேன். வந்திருப்பேனா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் இங்கிருந்தே வேலை செய்ய விட்டிருக்கிறார்கள். இங்கே கொல்கத்தாவிலேயே சால்ட் லேக் ஆபீசுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். மஹிமா ஜூனில் வருகிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனாலும் வருகிறாள்.

அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆயா அனுப்புகிற சென்டரிலிருந்து வந்திருக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அக்கறையாக, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்கிறார். நேற்று ஷேவ் பண்ணும்போது, "ஒங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு. ஒரு பய உண்டு. தெனம் பேசுவான். இப்பக் கொஞ்ச நாளாச் சத்தத்தையே காணல" என்றார்.

கையில் ரேஸரோடு நின்றேன். நான்தான்ப்பா என்று கத்தவேண்டும்போல ஆத்திரமாக வந்தது. எதிரே நிற்கிறேனே, தாடையைப் பிடித்திருக்கிறேனே! கத்தவில்லை. இன்னொன்று யாரு என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், சோப்பு நுரையோடு.

"மதுவந்தி. பேங்க்ல பெரிய மேனேசரு. வைசாக்ல இருக்கா. இங்கயே கெடந்தா பாவம் புள்ள. நாந்தான் கெளம்பிப் போம்மான்னு அனுப்பி வச்சேன்."

அப்படி அவர் உன்னிடம் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நீ படியிறங்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றுதான் ஞாபகம். ஆனால் நேற்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார், இன்று காலை ஷெஃபாலிதியிடமும் சொன்னார், எல்லாம் ஒரே மாதிரி.

அடுத்த மாதமே லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்து நிற்காதே அக்கா. இங்கே நான் இருக்கிறேன்.

ராகவ்